இரண்டு எழுத்தும் ஒரு சைபரும்

கொழிஞ்சாம்பாறையில் துரையைத் தெரியாதவர்கள் குறைவு. பாண்டித்துரையைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஆள்தான். பொள்ளாச்சி பஸ்கள் திரும்புகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில், 'துரை ஆன்லைன் சேவை' என்று போர்டு மாட்டிய கடை அவனுடையது. பெயரில் பாதியை இடுக்கி மலையிலேயே விட்டுவிட்டு மீதிப் பாதியோடு இறங்கி வந்தவன்.

விட்டுவிட்டு வந்ததற்குக் காரணம் உண்டு. அவன் அம்மா ராமுத்தாய் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, "ஏலே பாண்டி, சோறு ஆறுதுல்லா!" என்று அவள் சத்தம் கொடுத்தால் சரிவுக்கு அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருப்பவன் காதில் விழும். பிறகு உயர்நிலைப் பள்ளிக்காக ஆஸ்டலில் சேர்த்தார்கள். அங்கேயும் பையன்கள் "பாண்டி, பாண்டி" என்றுதான் கூப்பிட்டார்கள். இவனும் சிரித்த முகமாக ஓடிப் போய் நிற்பான். தன் பெயரைத்தான் செல்லமாகச் சுருக்குகிறார்கள் என்று நினைத்தான். தமிழ் பேசுகிறவனை மட்டமாகச் சொல்ல மலையாளத்தில் அப்படி ஒரு சொல் இருக்கிறது என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. சொன்னவர்கள் மேல் வந்த கோபம் கொஞ்ச நாளில் போய்விட்டது. கூப்பிட்டபோதெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு போய் நின்றோமே என்ற வெட்கம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் யாராவது பஸ்ஸில் பின்னாலிருந்து அந்தச் சொல்லைச் சொன்னால் அவனுக்குக் காது மடல் சூடாகிவிடும்.

இப்படிப்பட்டவன் அடுத்தவருக்குப் பட்டப்பெயர் வைப்பானா என்று கேட்பீர்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பது பூனைக்குச் சரி. மனிதன் போவான். அடுத்தவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போவான்.

கடை நன்றாகவே நடந்தது. அந்த ஊருக்கு நாக்கு தமிழ், காகிதம் மலையாளம். நிலவரி, ரேஷன் கார்டு, கரண்ட் கனெக்‌ஷன், பென்ஷன் எதுவானாலும் மலையாளத்தில் வரும். அந்தப் பக்கத்து வயசாளிகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மலையாளம் பேசுவார்கள், கேட்டால் புரியும், எழுத்து மட்டும் தெரியாது. துரைக்கு இரண்டும் தெரியும். அந்த இடைவெளியில்தான் அவன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

தொல்லை கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. டெஸ்க்டாப் முழுக்க ஐகான்கள், திருவிழா முடிந்த மைதானத்தில் செருப்புகள் கிடப்பது மாதிரி. 'வரி ரசீது', 'வரி ரசீது புதுசு', 'வரி ரசீது புதுசு கடைசி', 'கடைசி இதுதான்'. ஒரு நாள் மாங்காய் வியாபாரி குப்பண்ணனின் நிலவரி ரசீதுக்குப் பதிலாக வேறு யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ அச்சடித்துக் கொடுத்துவிட்டான். குப்பண்ணன் முதலமடை ஆபீஸ் வரைக்கும் போய் அதை நீட்டிவிட்டுத் திரும்பி வந்து ஆடிய ஆட்டத்தில் சலூன்காரர் கத்தரியோடு எட்டிப் பார்த்தார்.

கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வந்த லோகேஷ்தான் அதற்கு மருந்து சொன்னான். ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். திரையின் மேல் விளிம்பில் ஒளிந்திருக்கும். மௌஸை அங்கே கொண்டுபோனால் அலமாரி திறக்கிற மாதிரி இறங்கி வரும். அதில் வரிசையாக டேப்கள், அலமாரித் தட்டுகள் மாதிரி. ஒவ்வொரு டேப்புக்கும் நாம் விரும்பிய பெயர், விரும்பிய நிறம். ஷார்ட்கட்டை இழுத்துக் கொண்டுபோய் எந்த டேப்பில் விட்டாலும் அங்கே குடியேறிவிடும். ஐகானின் படத்தைக்கூட மாற்றலாம். மௌஸ் நகர்ந்தால் மொத்தமும் மேலே போய் மறைந்துகொள்ளும்.

துரைக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சாப்பாட்டை மறந்து அடுக்கினான். நிலவரிக்குப் பச்சை டேப், ரேஷனுக்கு மஞ்சள், கரண்டுக்குச் சிவப்பு. திரை துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி ஆனது. சாயங்காலம் மனைவி சித்ரா டீ கொண்டுவந்தபோது அவளிடம் மௌஸை மேலே கொண்டுபோய், இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கிக் காட்டினான்.

"ஏங்க, வீட்டு அலமாரிய இதுல பாதியாவது அடுக்கக் கூடாதா?" என்றாள் அவள். அவளும் மேலே எஸ்டேட்டிலிருந்து வந்தவள்தான்.

கடைசியாக ஊதா நிறத்தில் ஒரு டேப் போட்டான்: 'வாடிக்கை'. அடிக்கடி வருகிறவர்களின் ஃபோல்டர்களுக்கு அதில் ஷார்ட்கட். ஐகானாக அவரவர் பாஸ்போர்ட் போட்டோ. மௌஸ் பட்டதும் முகங்கள் வரிசையாக இறங்கும். எந்த முகம் எதிரில் நிற்கிறதோ அதைத் தட்டினால் போதும். நல்ல யோசனைதான். பெயரில்தான் சிக்கல் வந்தது. அந்த ஊரில் மூன்று பெண்களைக் கூப்பிட்டால் அதில் ஒருத்தி முத்தாத்தாள், ஒருத்தி செல்லாத்தாள். அடையாளம் தெரிய ஏதாவது சேர்த்து எழுதித்தானே ஆக வேண்டும்? 'முத்தாத்தாள், கண்ணாடி' என்று ஆரம்பித்தான். அடுத்த வாரம் பெயர் போய்க் கண்ணாடி மட்டும் நின்றது. எதையும் மூன்று தரம் கூட்டிப் பார்க்கிற குப்பண்ணன் 'கால்குலேட்டர்' ஆனார். வந்ததும் மருமகள் கதையைச் சொல்லி அழுகிற ஒரு அம்மா 'சீரியல்'. எல்லாவற்றையும் மலையாள எழுத்தில் எழுதினான். எட்டிப் பார்த்தாலும் படிக்க முடியாது அல்லவா? பகலில் எழுதியதை ராத்திரிச் சோற்றின்போது சித்ராவிடம் சொல்வான். அவள் சிரிப்பாள். அவள் சிரிக்கச் சிரிக்கப் பெயர்களுக்குக் கூர்மை ஏறியது.

செல்லாத்தாளின் முறை அப்படித்தான் வந்தது.

செல்லாத்தாள் கடலையும் தட்டப்பயறும் போடுகிற சொந்தக் காட்டுக்காரி. புருஷன் போன பிறகு தனியாகவே வெள்ளாமை பார்க்கிறவள். விவசாயப் பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுக்கு ஒருமுறை விரல் வைத்துக் காட்ட வேண்டும். மஸ்டரிங் என்று பெயர். மண்வெட்டி பிடித்துப் பிடித்து அவள் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. மெஷினில் பெருவிரலை வைத்தால் சிவப்பு விளக்கு. ஆட்காட்டி விரலை வைத்தால் அதுவும் சிவப்பு. ஈரத் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, என்ன செய்தும் 'பொருந்தவில்லை' என்றே வந்தது. "போயிட்டு அடுத்த வாரம் வாங்க பெரியம்மா" என்பான். அவளும் வருவாள், கை நிறையத் தட்டப்பயற்றோடு. "தொரைக்கண்ணு, சித்த பாரு சாமி" என்பாள்.

அப்படி ஒரு நாள் வீட்டில் சொன்னான்: "அந்தப் பெரியம்மாவ மெஷின் செத்துப்போச்சுன்னே முடிவு பண்ணிடுச்சு. சவம் நடந்து வந்து பயறு குடுத்துட்டுப் போகுது."

சித்ராவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவள் சமைத்திருந்ததும் அந்தத் தட்டப்பயறுதான். மறுநாள் கடையைத் திறந்ததும் செல்லாத்தாளின் படத்துக்கு அடியில் மலையாளத்தில் 'சவம்' என்று எழுதினான். இரண்டே எழுத்து, பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். திருநெல்வேலி வேர் உள்ள வாய்க்கு அது சும்மா போகிற வசவுதான் என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான். சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது என்பதை அவன் கவனிக்கவில்லை.

கடையில் இரண்டாவது திரை ஒன்று உண்டு. வாடிக்கைக்காரரைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பான். பெயரில் எழுத்துப் பிழை வந்தால் அப்புறம் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும் என்பதால், நிரப்பிய படிவத்தை மட்டும் அந்தத் திரைக்குத் தள்ளி, "நீங்களே சரிபார்த்துக்கோங்க" என்பான். மற்றபடி அவன் திரை அவனுக்கு, அவர்கள் திரை அவர்களுக்கு. மாங்காய் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற அந்தச் சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தபோது ஏதோ மாறிவிட்டது. இரண்டு திரையிலும் ஒன்றே தெரிந்தது. இரண்டாவது திரையின் முதுகைத்தானே அவன் பார்க்கிறான்? தெரியவில்லை.

செல்லாத்தாள் வந்து உட்கார்ந்தாள். பயற்றுப் பையை மேசை ஓரம் வைத்தாள். துரை மௌஸை மேலே கொண்டுபோனான், ஊதா டேப்பைத் தொட்டான்.

"அட!" என்றாள் அவள். "தொரைக்கண்ணு, அது நானல்லோ?"

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். இரண்டாவது திரையில் ஊதா டேப் விரிந்து கிடந்தது. கால்குலேட்டர், கண்ணாடி, சீரியல், எல்லாரும் வரிசையாக. நடுவில் செல்லாத்தாள், காதில் கம்மலோடு, போட்டோவுக்கு என்று முறைத்த கண்ணோடு.

"எம்பட படத்தப் பொட்டியில ஒட்டி வெச்சிருக்கறயா! இத்தன பேரு வந்து போற கடையில!" அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. "அடியில என்னமோ எழுதி இருக்குதே, அதென்ன கண்ணு?"

உண்மையைச் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவன் வாய் முந்திக்கொண்டது. "உங்க பேருதான் பெரியம்மா."

"செல்லாத்தாளுக்கு மலையாளத்துல ரெண்டே எழுத்துத்தானா?"

"சுருக்கி எழுதியிருக்கேன்."

"ரெண்டு எழுத்து, பக்கத்துல ஒரு சைபரு. அட, இவ்வளவு சுலுவா!" என்று அவள் மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள். கிழிந்த ரசீதின் பின்பக்கத்தில், திரையைப் பார்த்துப் பார்த்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். முதல் தடவை கோணியது. இரண்டாவது தடவை சுத்தமாக வந்துவிட்டது. "கிருஷி பவன் வெவசாயக் கூட்டத்துல ரிஜிஸ்தர நீட்டுவாங்க. அத்தன பேரும் மலையாளத்துல இழுத்து உடுவாங்க. நானு மட்டும் தமிழ்ல எழுதறேன்னு பக்கத்துல உக்காந்திருந்தவ ஒருத்தி போன தடவ சிரிச்சா. வர்ற வியாழக்கெழம பாரு, அவளுக்கு முன்னால போட்டுக் காட்டறேன்."

அன்றைக்கும் விரல் பொருந்தவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரசீதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, "மகராசனா இரு சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் படியிறங்கும் வரைக்கும் துரைக்கு வந்தது நிம்மதிதான். அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நிம்மதிதான் வந்தது. தப்பித்தோம் என்று நாற்காலியில் சாய்ந்தான். சாய்ந்த பிறகுதான் அவள் சொன்ன கிழமை உறைத்தது. வியாழக்கிழமை. மலையாளம் படிக்கத் தெரிந்த அத்தனை பேர் கூடுகிற அறை. அதில் அந்த அம்மா ரிஜிஸ்தரை இழுத்து, தலை நிமிர்ந்து, தன் பெயர் என்று நினைத்து 'சவம்' என்று கையெழுத்துப் போடப்போகிறாள்.

மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு ஊதா டேப்பைத் திறந்தான். வலது பொத்தானை அழுத்தி, பெயர் மாற்று என்பதைத் தட்டி, ஒவ்வொருவருக்கும் முழுப்பெயர், ஊர், தோட்டத்துப் பெயர் என்று தமிழில் எழுதினான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. திரையில் இருப்பதை மாற்றுவது அவ்வளவு சுலபம். சுருக்குப்பையில் போனதை எந்தப் பொத்தானை அழுத்தி மாற்றுவது?

சித்ராவிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. உரித்துக்கொண்டிருந்த பயற்றை அப்படியே தட்டில் போட்டாள்.

"நானும்லா சிரிச்சேன்" என்றாள். "போய்ச் சொல்லிருங்க. வேற யாரும் சொல்லுததுக்கு முன்னால சொல்லிருங்க."

மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு செல்லாத்தாளின் காட்டுக்குப் போனான். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதில் கட்டிக்கொண்டே போனான். வரப்பு முனையில் மோட்டார் ரூம் தெரிந்ததும் கட்டியது எல்லாம் அவிழ்ந்துவிட்டது.

மோட்டார் ரூமின் தகரக் கதவில், மாட்டுப்பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டில், கையகல எழுத்து. இரண்டு எழுத்து, பக்கத்தில் ஒரு சைபர்.

"வா கண்ணு!" கடலைச் செடிக்குள்ளிருந்து நிமிர்ந்தாள் செல்லாத்தாள். விரலெல்லாம் நீலம். "எப்பிடி இருக்குது? எம்பட மோட்டாரு, எம்பட பேரு. பழகறதுக்குச் செவுத்துல எழுதலாம்னு பாத்தேன், அப்பறம் கதவுலயே எழுதிப்போட்டேன்."

சொல்லிவிடத்தான் வந்திருந்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு பொய் வந்தது. பொய்க்கு எப்போதும் ஒரு தம்பி இருப்பான். "பெரியம்மா, அதுல ஒரு சின்னத் தப்பு. சுருக்கி எழுதினா கையெழுத்துக்குச் செல்லாது. முழுசா எழுதிக் காட்டுதேன்" என்று ஒரு குச்சியை எடுத்து, வரப்பு மண்ணில் அவள் பெயரை மலையாளத்தில் முழுதாக எழுதினான். வளைவுக்குள் வளைவாக நீண்டு போனது.

அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "அய்யோ சாமி, இத்தன சுத்து எம்பட கைக்கு வராது. இதுக்கு அதே தேவல. சுருக்கமா, லட்சணமா இருக்குது."

"இல்ல பெரியம்மா..."

"செல்லாதுன்னு அவிங்க சொல்லட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த நேரம்தான் டிஜோ வந்தான். மீட்டர் பார்க்க மாதம் தவறாமல் வருகிற மலையாளிப் பையன், செல்லாத்தாளுக்குப் பழக்கமானவன். பைக்கை நிறுத்திக் கதவுப்பக்கம் போனவன் நின்றான். பிறகு சிரித்துவிட்டான். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை; யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

"அம்மே, ஆரா ஈ வாதிலில் சவம்னு எழுதியது?"

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். மலையாளத்திலும் சவம் சவம்தான், தமிழிலும் சவம் சவம்தான். எழுத்து மட்டும்தான் அதை இதுவரை மூடி வைத்திருந்தது.

செல்லாத்தாள் கதவைப் பார்த்தாள். தன் நீல விரல்களைப் பார்த்தாள். அப்புறம் துரையைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டான். அதற்கு மேல் அவள் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நாந்தான் எழுதுனேன் தம்பி" என்றாள் டிஜோவிடம். "எழுத்துப் பழகறேன். தப்பாப் போச்சு."

டிஜோ மீட்டரைக் குறித்துக்கொண்டு, தன் சிரிப்பு அவளைப் புண்படுத்தியிருக்குமோ என்று யோசித்தவன் போல ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

"பெரியம்மா, விளையாட்டுக்குத்தான்..." என்று துரை தொடங்கினான். விளையாட்டு என்ற சொல் அவன் காதிலேயே நாறியது. நிறுத்திவிட்டான்.

"அத்தன பேரு மூஞ்சிக்கு அடியிலயும் இப்பிடித்தான் எழுதி இருந்துதா?"

"எழுதியிருந்தேன். நேத்தே எல்லாத்தையும் மாத்திட்டேன்."

"நேத்து சாயந்தரம் நானு எங்கண்ணனூட்டுக்குப் போயிருந்தேன்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. யாரோ ஒருத்தி செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "தொரை கடையில எம்பட படத்த வெச்சுப் பேரெழுதியிருக்கறான்னு அண்ணிகிட்டச் சொன்னேன். சீட்டு எடுத்துக் காமிச்சேன். அவுளும் வாங்கிப் பாத்துப்போட்டு, நல்லா இருக்குதுன்னா."

துரைக்கு ஆஸ்டல் முற்றம் ஞாபகம் வந்தது. கூப்பிட்ட குரலுக்குச் சிரித்துக்கொண்டு ஓடிப் போய் நின்ற ஒரு பையன். அதே சிரிப்பைத்தான் நேற்றுக் கடையில் இந்த அம்மாவின் முகத்தில் வரவழைத்திருக்கிறான். அந்த நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவனோ தன் புண்ணைத் திறந்து காட்டினால் அவளுக்கு இரக்கம் வரும் என்று நினைத்தான். தன் முழுப்பெயர் பாண்டித்துரை என்பதை, அந்த ஊரில் முதல் தடவையாக, சொன்னான். ஆஸ்டலில் அந்தப் பெயரை வைத்து என்ன செய்தார்கள், ஏன் பாதியை விட்டுவிட்டு வந்தான் என்று எல்லாவற்றையும் சொன்னான்.

செல்லாத்தாள் முழுக்கக் கேட்டாள்.

"அப்ப வலிக்கும்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சேதான் வெச்சீங்க."

'கண்ணு' போய்விட்டது, 'சாமி' போய்விட்டது. நீங்க, உங்களுக்கு என்று ஆகிவிட்டது. கொங்குப் பேச்சில் மரியாதையைப் போல இனிக்கிறதும் இல்லை, மரியாதையைப் போல சுடுகிறதும் இல்லை. நடுமுதுகில் அறைந்திருந்தால்கூட அவன் அவ்வளவு குனிந்திருக்க மாட்டான்.

"மண்ணெண்ணெய் இருந்தாக் குடுங்க பெரியம்மா. கதவத் தொடச்சுட்டுப் போயிருதேன்."

"வேண்டாமுங்க. எம்பட கையில எழுதுனது. நானே அழிச்சுக்கறேன்." அவள் குனிந்து களை பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். "உங்களுக்குக் கடை தொறக்கற நேரமாச்சு. போங்க."

அவன் வரப்பில் நடந்து பைக்குக்கு வந்தான். எதையாவது துடைக்க விட்டிருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிக் குப்பண்ணன் மூலமாகத்தான் தெரிந்தது. வரி ரசீதை மூன்றாவது தரம் கூட்டிக்கொண்டே சொன்னார். "செல்லாத்தா வந்திருந்தாளுங்க. பக்கத்துல ஒருத்தி, நீயி எப்பத்தான் மலையாளம் பழகுவயோன்னு கேட்டா. பழகிப் பாத்தேன், வாத்தியாரு சரியில்லீன்னு சொல்லிப்போட்டாளுங்க. கூட்டமே சிரிச்சுது. ஆரு அந்த வாத்தியாருன்னு மட்டும் சொல்லவே இல்ல."

துரை ரசீதை வாங்கி முத்திரை குத்தினான். தலைகீழாகக் குத்திவிட்டான். திரும்ப ஒருமுறை குத்தினான்.

அவள் இனி வேறு கடைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தான். போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தான். எதிரில் உட்கார்ந்தால் எந்த முகத்தோடு பார்ப்பது? ஆனால் ஊரில் வேறு எந்தக் கடையிலும் விரல் வைக்கிற மெஷின் இல்லை. மஸ்டரிங் கெடு நெருங்கிய ஒரு காலையில், கூட்டம் நிறைந்திருந்தபோது, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வந்து உட்கார்ந்தாள். கையில் பை எதுவும் இல்லை. வெட்டிச் சுத்தமாக்கியிருந்த நகங்களின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது.

"வணக்கமுங்க சார்" என்றாள்.

துரை மௌஸை மேலே கொண்டுபோனான். அந்த மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு திரையையும் வேண்டுமென்றே ஒன்றாகவே விட்டிருந்தான். இனி ஒளிக்க ஒன்றும் வேண்டாம் என்று. ஊதா டேப் இறங்கியது. முகங்கள் வரிசையாக வந்தன. செல்லாத்தாள் தன் திரையில் தன் படத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். அடியில் இருந்ததை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"செல்... லாத்... தாள்." நிமிர்ந்தாள். "எனக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்துல எழுதியிருக்கறீங்க. அதுவரைக்கும் சந்தோசமுங்க."

மெஷினை அவள் பக்கம் நகர்த்தினான். பெருவிரலை வைத்தாள். சிவப்பு. ஆட்காட்டி விரல், சிவப்பு. அவள் அவசரப்படவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு, இதுவரை வைத்துப் பார்க்காத இடது கை மோதிர விரலை அழுத்தி வைத்தாள். மெஷின் யோசித்தது. பச்சை விளக்கு எரிந்தது.

பின்னால் யாரோ "அப்பாடா" என்றார்கள்.

செல்லாத்தாள் விரலை எடுக்கவில்லை. துரை தலை தூக்கும் வரைக்கும் காத்திருந்தாள். அவன் தூக்கினான்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்" என்றாள். "உசுரோடதான் இருக்கறேனுங்களா?"